திறந்து பார்த்தால்தான் தெரியும்

மதினிக்கு அடிவயிறு கனக்க ஆரம்பித்தபோது பட்டாசுக் கம்பெனியில் தீபாவளி சீசன். நாள் முழுக்கக் கீழே உட்கார்ந்து வெடிக்குத் திரி வைக்கிற வேலை. அதனால்தான் என்று அவரும் அண்ணனும் நினைத்தார்கள். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்று சொன்ன பிறகு, நான்தான் விருதுநகருக்கு வரச்சொல்லி ஸ்கேன் எடுக்க வைத்தேன். நான் அங்கே நர்ஸ்.

சினைப்பையில் கட்டி. பெரியது. உள்ளே நீர்; ஒரு பக்கம் மட்டும் சதை. ரத்தப் பரிசோதனையிலும் புற்றுநோய்க்காகப் பார்க்கும் அளவு கொஞ்சம் கூடியிருந்தது, ரொம்ப இல்லை.

"சாதாக் கட்டியாவும் இருக்கலாம், புற்றுநோயாவும் இருக்கலாம். எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தாயி, நீ எம்புட்டுப் பேரப் பாத்திருப்ப. ஒனக்குத் தெரியாதா?"

"நான் தீக்காய வார்டுல இருக்கேன் மதினி. டாக்டருக்கே தெரியல."

"அப்ப ஊசியால குத்தி கொஞ்சம்போல எடுத்துப் பாக்கச் சொல்லு. எங்க அக்காவுக்குக் கழுத்துக் கட்டிக்கு அப்படித்தான் பாத்தாக."

"இதுல குத்தக் கூடாது. ஒருவேளை கெட்டதா இருந்தா வயித்துக்குள்ள செதறிரும்."

அவர் கையை விட்டுவிட்டார்.

ஆபரேஷனில் மயக்கத்தில் இருக்கும்போதே கட்டியை எடுத்து லேபுக்கு அனுப்பி உடனே சோதிப்பார்களாம். நல்லது என்றால் அந்த ஒரு சினைப்பையோடு சரி. கெட்டது என்றால் கர்ப்பப்பை, மற்றச் சினைப்பை எல்லாம் போய்விடும். மதினிக்கு முப்பத்திரண்டு வயது. இன்னும் குழந்தை இல்லை.

"முழிக்கும்போது எது இருக்கும், எது இருக்காதுன்னு தெரியாமலே படுக்கணுமா?" என்று ஆபரேஷன் அன்று காலையில் கேட்டார். நான் அவர் தலைமுடியை இரட்டைச் சடையாகப் பின்னிவிட்டேன்.

தியேட்டர் கதவைத் திறந்து வந்த டாக்டரம்மா, "இப்போதைக்கு நல்லதுன்னுதான் வந்திருக்கு. ஒரு பக்கம் மட்டும் எடுத்திருக்கோம். முழு ரிப்போர்ட் வரட்டும்" என்றார். அண்ணன் கடைசி வார்த்தைகளைக் கேட்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து அழுதார். பிறகு எம். புதுப்பட்டியில் இருக்கும் மாமியாருக்குப் போன் போட்டு, "ஒண்ணுமில்ல அத்தே, நல்ல கட்டிதான்" என்றார்.

முழு ரிப்போர்ட் தையல் பிரித்த பிறகு வந்தது. அவ்வளவு பெரிய கட்டியில் ஓரிடத்தில் மட்டும் புற்று இருந்திருக்கிறது. அவசரமாகச் சோதித்த துண்டில் அது அகப்படவில்லை. யார் மீதும் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். யாரையாவது திட்ட முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆமத்தூரில் அவர்கள் வீட்டுக்குப் போய் நான்தான் சொன்னேன். மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லதுன்னு சொன்னீகள்ல?"

"சொன்னோம் மதினி."

"அப்ப இப்ப சொல்றது மட்டும் நெசமா?"

மறுபடி ஆபரேஷன். எல்லாவற்றையும் எடுத்தார்கள். வேறெங்கும் பரவவில்லை என்று ரிப்போர்ட் வந்தபோது யாரும் அழவில்லை, சிரிக்கவுமில்லை. அண்ணன் "சரி" என்று மட்டும் சொன்னார்.

இப்போது கீமோ கொடுக்கிறார்கள். போன முறை நான் கூடப் போயிருந்தேன்; பஸ்ஸில் திரும்பி வந்தோம். தலையில் துண்டு கட்டியிருந்த மதினியிடம் பக்கத்து சீட்டு அம்மாள் பேச்சுக் கொடுத்தார்.

"புள்ளைக எத்தன?"

மதினி என்னைப் பார்த்தார்.

"ஆமத்தூர் வந்துருச்சு, எந்திரி தாயி" என்று எழுந்து நின்றார். ஆமத்தூருக்கு இன்னும் தூரம் இருந்தது. நானும் எழுந்து, கம்பியைப் பிடித்தபடி அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.