அந்த ‘நான்’ யாரு மிஸ்?

இங்கிலீஷ் இலக்கியத்துக்கு டியூஷன் எடுத்துப் பிழைக்கிறவளுக்குத் தூக்கத்தில்கூட ஒரே கேள்விதான் வரும்: “இந்தப் பத்தியில ‘நான்’னு சொல்றது யாரு?” பாழடைந்த மாளிகை, புயல், பூட்டிய அறை, ஒரு அலறல் என்று ஏதாவது பழைய பேய்க்கதையிலிருந்து பத்தி ஒன்றை உருவிக் கொடுத்து, கதையைச் சொல்வது யார், எப்படித் தெரியும் என்று தபால்வழி பி.ஏ. பரீட்சையில் கேட்பார்கள். மொத்தக் கதை கையில் இருக்காது. ஆவடி ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடி அறையில் இதைக் கத்திக் கத்தியே என் தொண்டை போனது. இதே வேலை பார்க்கும் பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

செத்தவர் எழுதியது

கார்த்திக் அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். எந்தப் பத்தியைக் கொடுத்தாலும் ‘நான்’ என்பவர் கதையை எழுதிய ஆசிரியர்தான் என்று எழுதிவைப்பார். கைடில் அப்படித்தான் இருக்கிறதாம். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. “ஏம்ப்பா, இந்தப் பத்தியில ‘நான்’ கிணத்துல விழுந்து செத்துட்டேன்னு சொல்லுது. செத்தவர் எப்படிப்பா உக்காந்து புஸ்தகம் எழுதுவாரு?” என்றேன்.

கார்த்திக் நிதானமாக யோசித்துவிட்டுச் சொன்னார்: “பேய்க்கதைதானே மிஸ், எழுதியிருப்பாரு.”

ஆயாம்மா

அந்த வகுப்பில் கடைசி பெஞ்ச் ரெஜினா அக்காவுடையது. என்னைவிடப் பத்து வயது பெரியவர். பதினைந்து வருஷம் ஆபீசர் குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு, இப்போது ஒரு நர்சரி ஸ்கூலில் ஆயா. டிகிரி முடித்தால் யு.கே.ஜி. வகுப்பையே தருவதாக பிரின்சிபால் வாக்குக் கொடுத்திருந்தார். மற்ற எல்லாப் பேப்பரும் பாஸ். இது ஒன்று மட்டும் மூன்று தடவை காலை வாரிவிட்டது. இனி ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் போனால் டிகிரியே கிடையாது.

“கைடை மனப்பாடம் பண்ணாதீங்க அக்கா. யார் எங்க நின்னாங்க, எதைக் கண்ணால பாத்தாங்க, அதை மட்டும் பாருங்க” என்றேன். நோட்டில் பெரிதாக எழுதிக்கொண்டார். “சரி மிஸ். அதுவா நானான்னு இந்த வாட்டி பாத்துர்றேன்.”

லேடீஸ் கம்பார்ட்மென்ட்

எனக்கும் அக்காவுக்கும் வீடு வேப்பம்பட்டில்தான். சாயங்கால ரயிலில் சேர்ந்தே போவோம். ஒருநாள் எதிர் சீட்டுப் பெண், கோவில்பதாகையில் ஒரு ஃப்ளாட்டில் மூன்றாவது மாடியில் பேய் நடக்கிறது என்று ஆரம்பித்தாள். பெட்டியே வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. அக்கா மட்டும் நோட்டை எடுத்துக்கொண்டு விசாரணையில் இறங்கிவிட்டார்.

“நீ பாத்தியா?”

“இல்லக்கா, வாட்ச்மேன் சொன்னாரு.”

“வாட்ச்மேன் பாத்தாரா?”

“அவருக்கு முன்னாடி இருந்த வாட்ச்மேன் சொன்னாராம்.”

“அவரு?”

“அவருக்கு மூணாவது மாடி அம்மா சொன்னாங்களாம்.”

திருநின்றவூர் தாண்டியும் விசாரணை முடியவில்லை. பரீட்சைக் கதைகளும் அச்சு அசல் இப்படித்தான், ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லிக்கொண்டே போவார்கள். அடேயப்பா, நான் ஆறு மாதம் விளக்கியும் புரியாதது அக்காவுக்கு ரெண்டு ஸ்டேஷனில் புரிந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். இறங்கும்போது அந்தப் பெண் கடுப்பாகச் சொன்னாள்: “பேயே பரவால்லக்கா, உன் கேள்விக்குத்தான் பயமா கீது.”

சாம்பல் சூடு

பரீட்சை முடிந்த கையோடு அக்கா கேள்வித்தாளுடன் மாடி ஏறி வந்தார். பத்தியைப் படித்தேன். ஒரு மாளிகை, புயல் ராத்திரி. பூட்டிக் கிடக்கும் அறைக்குள் யாரோ அழுகிற சத்தம். காலையில், குளிர்காய மூட்டிய கணப்பின் சாம்பல் இன்னும் சூடாக இருக்கிறது, தட்டு இரண்டு எச்சிலாகக் கிடக்கிறது. ‘எங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு கேடு வந்ததே’ என்று அந்த ‘நான்’ புலம்புகிறது.

“மாளிகைக்காரரோட பையன்தானே எழுதினீங்க?” என்றேன்.

“வேலைக்காரம்மான்னு எழுதினேன் மிஸ்.”

கொஞ்சம் முன்னால் போன் செய்த கார்த்திக்கும் பையன் என்றுதான் எழுதியிருந்தார். “போச்சே அக்கா! ‘எங்கள் வீடு’ன்னு தெளிவாப் போட்டிருக்கே!” என்று கத்தியேவிட்டேன். மூன்று தடவை விழுந்த மனுஷி, கடைசி வாய்ப்பு. அழுதுவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் அசையவில்லை. “பையனா இருந்தா காலைல எழுந்து சாம்பலைத் தொட்டுப் பாப்பானா மிஸ்? எச்சித்தட்டு ஒண்ணா ரெண்டான்னு எண்ணுவானா? அது களுவுறவளுக்குத்தான் தெரியும். ஆபீசர் ஊட்ல பாஞ்சு வருசம் நானும் ‘எங்க ஊடு’ன்னுதான் சொல்லிக்கினு இருந்தேன். எங்க ஊட்ல விருந்தாளி வந்துக்கீறாங்க, எங்க ஊட்டுப் பாப்பாக்கு ஜொரம்னு. அந்த ஊட்ல எனக்கு உக்கார நாற்காலி கூட கெடயாது.”

பத்தியை மறுபடி படித்தேன். ‘நான்’ ஒரு இடத்திலும் உட்காரவே இல்லை. அறைக்கு வெளியே நிற்கிறது, விளக்கு ஏந்துகிறது, படி இறங்குகிறது, பெருக்குகிறது. சந்தேகமே இல்லை, அக்கா சொன்னதுதான் சரி. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எழுந்து அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கட்டிக்கொண்டேன்.

ரிசல்ட் வந்தது. பாஸ். பள்ளி திறந்த அன்று காலை அக்காவிடமிருந்து போன். பின்னால் யு.கே.ஜி. கூச்சல் காதைப் பிளந்தது. “மிஸ், என் கிளாஸ்ல எனக்குன்னு ஒரு நாற்காலி போட்டுக்கீறாங்க. உக்காந்துகினுதான் பேசுறேன்.”

ஊருக்கெல்லாம் ‘சொல்றது யாரு’ என்று பாடம் எடுத்த நான், சொல்லத் தெரிந்தவரைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மாளிகை முழுக்கத் தேடியிருக்கிறேன்.