அம்மன் கொடுத்த தைரியம், மருந்து மாறிய கதை

என் பேர் செல்வி. லத்தா பேட்டையில் ஒரு பருப்பு மொத்தக் கடையில் எடை போடுகிறேன். எனக்கு ஹெச்.ஐ.வி. இருக்கிறது. இந்தக் கோயிலில் இத்தனை பேர் முன்னால் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. வெட்கம் இல்லை.

ஏழு வருஷம் மாத்திரை சாப்பிட்டேன். போன வருஷம் சித்திரை முடிந்து ரத்தம் எடுத்தார்கள். வைரஸ் ஏகத்துக்கு ஏறியிருந்தது. டாக்டரம்மாவை நாங்கள் பர்மா பேச்சில் சயாமா என்றுதான் கூப்பிடுவோம். அவங்க கேட்டாங்க, "மாத்திரை விட்டியா?"

"இல்லை" என்றேன். பொய். அந்த மாத்திரை போட்டால் மறுநாள் தலை சுற்றும், தராசு முள் இரண்டாகத் தெரியும். வேலை போய்விடுமோ என்று பயந்து வாரத்தில் மூன்று நாள் விட்டுவிடுவேன். என் வீட்டுக்காரர் கோ தெய்னுக்குக்கூடத் தெரியாது. அவர் பர்மாக்காரர், புத்தரைக் கும்பிடுகிறவர். அவருக்கு இந்த நோய் இல்லை. எனக்கு இருப்பது தெரிந்தும் என்னைக் கட்டிக்கொண்டவர்.

செத்துப்போய்விடுவேன் என்றே நினைத்தேன். சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை இங்கே வந்து மாரியம்மன் முன்னால் உட்கார்ந்தேன். உயிரைக் கேட்கத்தான் வந்தேன். வாயில் வந்தது வேற. "தாயே, நிஜத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் கொடு." அவ்வளவுதான் கேட்டேன். எழுந்தபோது மனசு கல் மாதிரி உறுதியாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. திங்கட்கிழமை லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தார்.

"சயாமா, நான் பொய் சொன்னேன். தலை சுத்துதுன்னு மாத்திரையை விட்டுட்டேன்."

அவங்க பேனாவைக் கீழே வைத்தாங்க. "அது மருந்தோட குறைம்மா. உன் குறைன்னு நினைச்சியா? முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

மூன்று மாதம் ஒரு வேளை விடாமல் சாப்பிடச் சொன்னாங்க. சாப்பிட்டேன். கோ தெய்ன் தினமும் தண்ணீரோடு பக்கத்தில் நின்றார். மறுபடி பார்த்தால் வைரஸ் இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். இந்தத் தடவை நான் தப்புப் பண்ணலையே தாயே.

சயாமா என் கையைப் பிடித்தாங்க. "நீ ஒழுங்கா சாப்பிட்டதாலதான் இப்ப எனக்கு நிச்சயமாத் தெரியுது. பழைய மருந்துக்கு வைரஸ் பழகிடுச்சு. மருந்தை மாத்திடலாம்."

புது மாத்திரையும் தினம் ஒன்றுதான். இதுவும் கேட்காமல் போனால் என்ன செய்வது என்று முதல் வாரம் பயந்தேன். அம்மனை நினைத்து விழுங்கினேன். பத்து நாளில் தலைசுற்றல் நின்றது. ஆறு மாதம் கழித்துச் சயாமா காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாங்க. ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. கோ தெய்ன் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, தெரிந்த கொஞ்சம் தமிழில், "செல்வி, நீ கெட்டிக்காரி" என்றார்.

இந்த ஆடியில் பால்குடம் எடுத்தேன். தலை நிமிர்ந்து தெருவில் நடந்தேன். நோய் போகவில்லை, மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. ஆனாலும் பயந்து ஒளிந்த அந்தச் செல்வி இப்போது இல்லை. புதுசாக மருந்து மாறுகிற மூன்று பெண்களுக்கு நான்தான் துணைக்குப் போகிறேன்.

உங்களில் யாராவது மறைத்து வைத்துக்கொண்டு தவித்தால், பூசை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். முதலில் அம்மனிடம் சொல்லுவோம். அப்புறம் சயாமாவிடம் சொல்ல நானும் கூட வருகிறேன்.