நார்த்தங்காயைப் பற்றி நான் கேட்கவே இல்லை

பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுச் சமையலறை. லூர்துமேரி அக்கா ஜாடியைத் திறந்து, காய்ந்து கறுத்த உப்பு நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை எடுத்துத் தன் கணவரின் கஞ்சிக் கிண்ணத்தை ஒட்டி வைத்தார். அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளாக இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு என் கேள்வியில் இருந்தது.

நான் டயட்டீஷியன். வேலைக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. அனுபவம் எழுதுகிற வயதா இது என்று கேட்பீர்கள். இதே படிப்பை முடித்துவிட்டு வார்டுக்குள் வரப்போகிறவர்களுக்காக, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

1. சிவப்புக் குறி போட்ட தாள்

லூர்துமேரி அக்காவின் கணவர் சூசைராஜ் அண்ணன் நெல் அறுவடை மெஷின் ஓட்டுபவர். ஐம்பதைத் தாண்டியவர். ஹார்ட் அட்டாக் வந்து எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் இதயத்தின் பம்பிங் குறைந்துவிட்டது. இப்படிப்பட்டவர்களுக்கு உப்பு கூடினால் உடம்பில் நீர் தேங்கும். கால் வீங்கும், அப்புறம் மூச்சு முட்டும்.

டிஸ்சார்ஜ் அன்று என் தாளைக் கொடுத்தேன். நானே டிசைன் செய்தது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் எல்லாவற்றின் மேலும் சிவப்பில் பெருக்கல் குறி. கீழே பெரிதாக ஓட்ஸ் படம். காவிரிப் பாசனத்தில் மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறவருக்கு ஓட்ஸ்! அதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

பத்தே நாளில் அண்ணன் திரும்பி வந்தார். படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி அப்படியே நின்றது. டாக்டர் மேடம் என்னைத் தனியாக அழைத்தார்.

“மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டிருக்காரு. எங்கேயோ உப்பு போகுது. இன்னொரு தடவ இப்படி வந்தா காப்பாத்துறது கஷ்டம்மா. கண்டுபிடி.”

2. விசாரணை

வார்டில் கட்டிலருகே நின்ற லூர்துமேரி அக்காவிடம் நான் போலீஸ் மாதிரி ஆரம்பித்தேன்.

“அக்கா, ஊறுகாய் குடுத்தீங்களா?”

“ஐயோ, பாட்டிலையே தங்கச்சி வீட்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன் மேடம்.”

“அப்பளம், கருவாடு?”

“நீங்க சிவப்புல அடிச்ச எதுவும் வீட்டுக்குள்ள வரல. குழம்புல உப்பே போடறதில்ல. எம் புள்ளைங்க ரெண்டும் இதென்ன தண்ணியான்னு கேக்குதுங்க.”

அண்ணன் பக்கம் திரும்பினேன். “நீங்க வெளியில டீக்கடையில ஏதாவது…”

அவர் முகம் சிவந்துவிட்டது. “வாசப்படி வரைக்கும் நடந்தாலே இளைக்குது. நான் டீக்கடைக்குப் போயி வடை திருடித் திங்கறேன்னு சொல்றீங்களா? நல்லா இருக்கு மேடம் உங்க நியாயம்!”

நான் நம்பவில்லை. கேஸ் ஷீட்டில் ‘உணவுக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கவில்லை’ என்று எழுதிவிட்டேன். அந்த வரியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

3. ஜாடி

அவர் வீடு திரும்பிய மறுநாள், ஒரு வேளைச் சாப்பாட்டைப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டு போனேன். கஞ்சி உப்பில்லாமல்தான் இருந்தது. பிறகு அந்த ஜாடி வந்தது.

“அக்கா, இது என்ன?”

“நார்த்தங்கா. காய்ச்சக்காரங்க, ஆஸ்பத்திரிக்குப் போயி வந்தவங்க எல்லாருக்கும் குடுக்கறதுதான். மாத்திரை தின்னு தின்னு வாயெல்லாம் கசக்குதுன்னாரு. இத வச்சாத்தான் கஞ்சியே உள்ள போகுது.”

“ஊறுகாய் இல்லன்னு சொன்னீங்களே?”

“இது ஊறுகாயா? இது மருந்துல்ல!”

நார்த்தங்காயைச் சுருளாக நறுக்கி, உள்ளே உப்பை அடைத்து, வெயிலில் காயவைத்து எடுப்பது. மூன்று வேளைக்கும் ஒவ்வொரு துண்டு போயிருக்கிறது. பயந்து பயந்து குழம்பில் போடாமல் விட்ட உப்பெல்லாம் இந்த வழியாக உள்ளே போய்விட்டது.

விளக்கிச் சொன்னதும் அக்கா கையில் இருந்த மூடியைக் கீழே வைத்தார். “அப்ப நாந்தான் குடுத்துட்டேனா?” என்று சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

“இல்லக்கா. என் தாள்ல இது இல்ல. நான் கேக்கவும் இல்ல.” அண்ணனிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவர் விடுவாரா? “டீக்கடை வடைக்கும் சேத்துக் கேளுங்க” என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா கேட்ட கேள்விதான் எனக்குப் பெரிய பாடம். “சரி மேடம், இதை நிறுத்திடுறேன். ஆனா வாய் கசக்குதே, அதுக்கு என்ன குடுக்கறது? அத உங்க தாள்ல போடலையே?”

‘வேண்டாம்’ என்று சொல்லத்தான் படித்திருக்கிறேன். இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்தோம். இஞ்சியை மெல்லிசாகச் சீவி எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தோம். கொத்தமல்லி, வறுத்த மிளகு, சீரகம், கொஞ்சம் புளி சேர்த்து உப்பில்லாத துவையல் அரைத்தோம். அண்ணன் நக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உப்பில்லாட்டி போகுது, உறைப்பு இருக்கு. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கு இது தேவலாம்.”

வீக்கம் வடிந்தது. தினமும் காலையில் எடை பார்த்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். எடை திடீரென்று ஏறினால் நீர் தேங்குகிறது என்று அர்த்தம். இதுவரை ஏறவில்லை. தன் சமையலறையை எனக்குத் திறந்துவிட்டு, சந்தேகப்பட்டவளுக்கே மோரும் கொடுத்த அந்த அக்காவுக்கு நான் எவ்வளவோ கடமைப்பட்டிருக்கிறேன்.

இப்போது யாரிடமும் “ஊறுகாய் உண்டா?” என்று கேட்பதில்லை. “நேற்று காலையிலிருந்து தட்டுக்கு வந்ததையெல்லாம் ஒண்ணுவிடாம சொல்லுங்க, மருந்துன்னு குடுத்ததையும் சேத்து” என்கிறேன். டிஸ்சார்ஜ் பேச்சை நோயாளியிடம் மட்டும் பேசுவதில்லை, வீட்டில் சமைப்பவரையும் வரச் சொல்கிறேன்.

4. குத்தாலம்

சம்பா அறுவடை வருகிறது. அண்ணன் மெஷின் ஓட்டக்கூடாது, கூடப் போய் மேற்பார்வை பார்க்கலாம் என்று டாக்டர் மேடம் அனுமதித்துவிட்டார். மூன்று வாரம் குத்தாலம் பக்கம் வேலை. அத்தனை பேருக்கும் ஒரே மெஸ்ஸில் சாப்பாடு. அக்காவின் அடுப்பு அங்கே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அந்த மெஸ்ஸுக்குப் போகிறேன். சாம்பாரிலும் பொரியலிலும் உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு ஆளுக்கு மட்டும் தனியாக எடுத்துவைக்க முடியுமா என்று கேட்கப்போகிறேன். எவ்வளவு உப்புப் போடுவீர்கள் என்று கேட்கமாட்டேன். ஓரமாக நின்று, அவர்கள் சமைப்பதை முதலில் பார்க்கப்போகிறேன்.