நுரைமேல் குடித்தனம்

“...பூமி நகருதுன்னா நகந்துட்டுப் போட்டும்ணே. ஏம் பிள்ள படுத்திருக்க இடத்துல எதுக்கு நகரணும்?” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

திருப்பூரில் நாங்கள் குடியிருந்தது ஒரு லைன் வீடு. அவள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள், கைக்குழந்தைக்காக வீட்டில் இருந்தாள். புருஷன் சாயப்பட்டறையில். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஏதோ ஒரு மார்கழி அது. முந்தின நாள் காலை பூமி லேசாக அசைந்திருந்தது. அன்றிலிருந்து அவள் குழந்தையோடு வாசலில்தான் இருந்தாள். இரவுப் பனியில் குழந்தைக்குச் சளி பிடித்து, மூச்சு இழுக்கும்போதெல்லாம் கரகரவென்றது. உள்ளே போகச் சொன்னால் மாட்டாள்.

அந்த அசைவு எனக்குத் தெரியவே இல்லை. நான் நிட்டிங் மிஷின் ஃபிட்டர். எங்கள் ஷெட்டில் தரை எப்போதும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். அன்று கொஞ்சம் கூடுதலாக ஆடியது. மிஷின் கால் லூசாகிவிட்டது என்று நானே குனிந்து அட்டையை மடித்துச் செருகி, நட்டை முறுக்கிவிட்டு வந்தேன். பூமியை ஸ்பேனரால் நிறுத்தப் பார்த்த ஆள் என்று ஷெட்டில் இன்னும் சொல்கிறார்கள். அவள் வீட்டிலோ அப்போது கரண்ட் இல்லை, சத்தமில்லை. தொட்டில் தானாக ஆடியதை அவள் பார்த்துவிட்டாள்.

நான் படித்தது கொஞ்சம். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய பாடப்புத்தகங்களில் கற்றதுதான் மிச்சம். அதில் தெரிந்ததைச் சொன்னேன்.

“அடுப்புல பருப்பு வேகறதைப் பாத்திருப்பீங்கல்ல அம்மிணி? சூடானது நடுவுல மேல வரும், ஆறுனது ஓரமாக் கீழ போகும். மேல இருக்கற நுரைய அது தள்ளிக்கிட்டே இருக்கும். பூமிக்குள்ளயும் கல்லு அப்படித்தான், ரொம்ப ரொம்ப மெதுவா நகருது. நம்ம ஊரெல்லாம் அந்த நுரை மாதிரிங்க.”

“அப்ப நாம குடியிருக்கது நுரை மேலயா?”

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா திரும்பினார். “ஏனுங்க தம்பி, எங்க மாமனாரு கருங்கல்லுல கடகால் போட்டுக் கட்டுன ஊடுங்க இது. நொரைன்னு சொல்லி, குடி வர்றவங்களையும் தொரத்திப் போடாதீங்க.”

அவளுக்குக்கூடச் சிரிப்பு வந்தது. உடனே குழந்தை இருமியது, சிரிப்பு போய்விட்டது.

“அடுத்தது எப்பண்ணே வரும்?”

“தெரியாதுங்க அம்மிணி. இதுக்குன்னே படிச்சவங்களும் தேதி சொல்ல முடியாதுங்க. நம்ம பக்கம் பெருசா வர்றது அபூர்வம்னு மட்டுந்தான் சொல்லுவாங்க.”

இனி வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரம்மா அப்படிச் சொல்லச் சொல்லித்தான் கண்ணைக் காட்டினார். தெரியாததை எப்படிச் சொல்வது?

“வந்தா சாதாரணமா என்னண்ணே செய்யும்?”

“இத்தனூண்டு ஆட்டத்துக்குச் செவுரு விழாதுங்க. மேல வெச்சிருக்கற சாமான் உருளலாம், அவ்வளவுதான்.”

அவள் வாசற்படி வழியே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். தொட்டிலுக்கு நேர் மேலே சாமான் அடுக்கும் அட்டாலி. அதில் கல்யாணச் சீராக வந்த அண்டா, பித்தளைக் குடம், இரும்புப் பெட்டி.

“பனிய எனக்குத் தடுக்கத் தெரியாது. இது தெரியும்” என்று எழுந்தாள்.

குழந்தையை வீட்டுக்காரம்மா கையில் கொடுத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். குடத்தை முதலில் இறக்கினாள். அண்டாவுக்கு என்னைக் கைகொடுக்கச் சொன்னாள். பெட்டியை அவளே நெஞ்சோடு அணைத்து இறக்கிச் சுவரோரம் வைத்தாள். அட்டாலியைக் கையால் துழாவி ஒன்றுமில்லை என்று பார்த்துக்கொண்டாள். பிறகு வாசலுக்கு வந்து, குழந்தையை வாங்கி, முந்தானையால் அதன் காதுகளைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.