சித்தப்பா சுடாத கார்பைன்

எங்கள் சித்தப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டியே போர் புரிந்த மாவீரர். நீளத் துப்பாக்கி லாரிக்குள் இடிக்கும் என்று ஓட்டுநர்களுக்குக் குட்டையான கார்பைன் கொடுத்திருந்தார்கள். போர் முடியும்வரை சித்தப்பாவின் கார்பைனிலிருந்து ஒரு குண்டுகூட வெளியேறவில்லை. எதிரிகள் செய்த புண்ணியம்.

ஒருநாள் காயம்பட்ட நால்வரை ஏற்றி வரும்போது, பீரங்கி ஷெல் வெடித்துச் சிதறி அவருடைய வலது பாதத்தைக் கிழித்தது. லாரி நின்றால் பின்னால் கிடப்பவர்கள் பிழைக்கமாட்டார்கள். சித்தப்பா தோட்டாக்களைக் கழற்றிவிட்டு, கார்பைனின் பின்பக்க மரக்கட்டையை ஆக்ஸிலேட்டரில் ஊன்றி, ஒரு கையால் அழுத்தியபடியே ஆஸ்பத்திரி வாசல்வரை ஓட்டிவந்தார்.

அங்கே நின்ற அதிகாரிக்குக் கட்டையில் விழுந்த கீறல்தான் முதலில் கண்ணில் பட்டது.

“ஆயுதத்தை இப்படியா வச்சிருப்பே? இதால எத்தனை பேரைச் சுட்டே?”

“யாரையும் சுடலீங்க ஐயா. நாலு பேரைக் கொண்டு வந்திருக்கேன். முதல்ல அவங்கள இறக்குங்க, அப்புறம் என்னைத் திட்டுங்க.”

இறக்கினார்கள். நால்வரும் பிழைத்தார்கள். திட்டும் குறைவில்லாமல் கிடைத்தது.

சித்திதான் இன்றுவரை நம்பவில்லை.

“சுவத்துல ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. இவராவது, துப்பாக்கியால லாரி ஓட்டினதாவது!” என்பார், அந்தப் பாதத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே.