லைட்டை அணைத்துத்தான் விற்பேன்

1. சுவிட்ச்

"ஸ்டெல்லா! கரண்ட் போயிருச்சா, இல்ல நீதான் அணைச்சியா?"

முதலாளி மாடியிலிருந்து கத்திக்கொண்டே இறங்கி வந்தார். நான்தான் அணைத்தேன். கண்டி டவுனில் ஒரு லைட் கடையின் ஷோரூமில், வாடிக்கையாளர் நிற்கும்போதே, மாட்டியிருந்த விளக்கு எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் அணைத்தேன். யார் தடுத்தாலும் இன்றைக்கும் அணைப்பேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். லைட் கடைக்குள் எல்லா விளக்கும் ஒன்றாக எரிகிறது. அந்த வெளிச்சத்தில் எந்த விளக்கும் அழகுதான். ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்ப்பார்கள், பளபளப்பைப் பார்த்து வாங்குவார்கள், வீட்டில் மாட்டிய பிறகு முகம் தொங்கிப்போகும். விளக்கைப் பார்த்து வாங்கக் கூடாது. அதன் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்து வாங்க வேண்டும். அதற்கு மற்றதெல்லாம் அணைய வேண்டும்.

"ரோட்டுல போறவன் கடைய பூட்டிட்டாங்கன்னு நெனைச்சுட்டுப் போயிருவான்" என்பார் முதலாளி.

"போகட்டும் சேர். உள்ள வந்தவங்க ஒழுங்கா வாங்கிட்டுப் போகட்டும்" என்பேன்.

கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவளுக்கு இவ்வளவு வாயா என்று கடையில் பேசிக்கொண்டார்கள். ஆமாம், அவ்வளவு வாய்தான்.

2. சாண்டிலியர்

அந்த நாட்களில் எங்கள் ஷோரூமின் நடுவில் ஒரு பெரிய கண்ணாடி சாண்டிலியர் தொங்கியது. முதலாளி ஆசைப்பட்டு வரவழைத்தது. ஒருவரும் வாங்கவில்லை. அன்று காலை என்னைக் கூப்பிட்டு, "இன்னிக்கு ஒரு புது வீட்டுக்காரர் வர்றாரு. இத அவர் தலையில கட்டு. முடியலன்னா நாளையிலருந்து பின் கவுண்டர்ல நில்லு" என்றார். பின் கவுண்டரில் ஹோல்டரும் வயரும் விற்பார்கள். ஷோரூம் பக்கம் வரவே விடமாட்டார்கள்.

வந்தவர் டயர் கடை வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வீடு கட்டி முடித்திருந்தார். மனைவியும் கூட வந்திருந்தார். ஐயா நேராகச் சாண்டிலியருக்குக் கீழே போய் நின்றார்.

"இதுதான் பிள்ளை. வாற சனம் ஹோல் வாசலிலையே நிண்டு பாக்கோணும்."

"சரிங்க ஐயா. குசினிக்கு என்ன போடுறீங்க?"

"குசினிக்கு ஒரு பல்ப் காணும். குசினிக்குள்ளை ஆர் வந்து பாக்கப் போகினம்?"

இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எத்தனை வீட்டுக்காரர்கள் இதையே சொல்லியிருக்கிறார்கள்! எப்போதோ வரும் விருந்தாளிக்கு ஹோல் நிறைய வெளிச்சம், தினமும் சமையலறையில் நின்று வேலை செய்கிறவளுக்கு ஒரு பல்ப் போதுமாம். நான் அவரை விட்டுவிட்டு அந்த அம்மாவிடம் திரும்பினேன்.

"அம்மா, பொழுது பட்டா நீங்க எந்த ரூம்ல இருப்பீங்க?"

"குசினிதான் தங்கச்சி. நான் கேக் ஓடர் எடுத்துச் செய்யிறனான்."

"செய்தனான் எண்டு சொல்லும்" என்றார் ஐயா. "இவவுக்கு இனி ஏலாது. கண் தெரியேல்லை. கலியாணக் கேக் ஒண்டு பூவெல்லாம் கோணிப்போய், அவை திருப்பி அனுப்பிப்போட்டினம்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "கண் டொக்டர் ஒரு பிழையும் இல்லை எண்டவர். ஆனா ஐசிங் நேரா வருகுதில்லை. வயசு போட்டுதாக்கும் எண்டு ஓடர் எடுக்கிறதை விட்டிட்டன்."

"இப்ப இருக்கிற குசினியில பல்ப் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"நடுவிலை. நான் மேசையடியில நிண்டா எனக்குப் பின்னாலை."

அப்போதுதான் போய் சுவிட்சை அணைத்தேன். அம்மாவை பில் போடும் மேசையடியில் நிறுத்தி, அவருக்குப் பின்னால் தனிச் சுவிட்சில் இருந்த ஒரே ஒரு விளக்கை மட்டும் போட்டேன். ஒரு அட்டைத் துண்டையும் பேனையையும் கொடுத்து, கேக்கில் போடும் ரோசாவை வரையச் சொன்னேன். அவருடைய தலை நிழல் அப்படியே கையை மூடியது. பூ கோணியது.

"கை எங்கம்மா இருக்கு?"

"இருட்டுக்குள்ளை" என்றார் மெதுவாக.

சுவர் அலமாரிக்கு அடியில் பூட்டும் நீட்டு லைட் ஒன்றை எடுத்து எரியவிட்டு, அவர் கைக்கு முன்னால், கொஞ்சம் மேலே பிடித்தேன். "இப்ப வரைங்க." இதழ் இதழாகப் பூ வந்தது. அந்த அட்டையில் இடம் தீரும்வரை வரைந்துகொண்டே இருந்தார். முதலாளி கத்திக்கொண்டு வந்தது அந்த நேரம்தான்.

அம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அட்டையைப் புருஷனின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இஞ்சருங்கோ, என்ரை கண்ணிலை பிழை இல்லை. குசினிக்குள்ளை ஆர் பாக்கப் போகினம் எண்டு கேட்டனீங்கள். நான் பாக்கிறன். நாள் முழுக்க நான்தான் நிண்டு பாக்கிறன்."

ஐயா சாண்டிலியரையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ஹோலுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"ஹோலுக்கு அந்தச் சின்னத் தொங்கல் லைட் காணும். முதல் குசினிக்கு எடுங்கோ."

3. பின் கவுண்டர்

முதலாளி சொன்னதைச் செய்தார். மறுநாளே ஹோல்டர் விற்கப் போனேன். அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. செய்யாத பிழைக்கு எதற்கு மன்னிப்பு?

ஒருநாள் ஷோரூம் பக்கமிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது. படுக்கையறைக்கு லைட் வாங்க வந்திருந்தார்.

"மத்தப் பிள்ள காட்டுவா, உட்காருங்க அம்மா" என்றார் முதலாளி.

"லைட்டை நூத்துக் காட்டிற பிள்ளையைக் கூப்பிடுங்கோ. இல்லாட்டி நான் வேற கடை பாக்கிறன்."

லைட்டை அணைத்துக் காட்டுகிறவள் நான்தானே. முதலாளிக்கு வேறு வழியில்லை, கூப்பிட்டார். அம்மாவின் கையில் ஒரு பெட்டி இருந்தது. கலியாண வீட்டுக்குக் கொண்டுபோகிற வழியாம். மூடியைத் திறந்து காட்டினார். வெள்ளை ஐசிங்கில் ரோசாக்கள் நூல் பிடித்தது மாதிரி வரிசையாக நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

அன்றிலிருந்து ஷோரூமில்தான் நிற்கிறேன். ஆனால் முதலாளி விடுகிறவரா? சுவிட்சுக்குப் பக்கத்தில், 'அனுமதியின்றி அணைக்கக் கூடாது' என்று ஒரு தாளை ஒட்டினார்.

புதிதாக வருகிறவர்களே, ஃபேஷன் மாறும். இன்றைக்குத் தங்க நிறம், நாளைக்குக் கறுப்பு. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி மாறாது: இந்த அறையில் யார், எங்கே இருந்து, என்ன செய்கிறார்? படுக்கையறைக்குக் கண்ணைக் குத்தாத மஞ்சள் வெளிச்சம், பாத்ரூமில் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும், குசினியில் கைக்கு முன்னால். சாண்டிலியர் கேட்டால் அதையும் விற்கலாம், குசினிக்கு எடுத்த பிறகு.

அந்தத் தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. என் விரல் பட்டுப் பட்டு அதன் ஓரம் கறுத்துவிட்டது.