விமான வாசல்வரை என் நாற்காலி

சக்கர நாற்காலியோடு முதல் முறை வெளிநாடு போகிறவர்கள் என்னிடம் கேட்டால், பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஒன்றைச் சொல்வேன். நாற்காலியைக் கவுன்டரில் கொடுத்துவிடாதீர்கள். விமானத்தின் வாசல்வரை அதிலேயே போங்கள். இறங்கும்போதும் அது வாசலுக்கே வர வேண்டும் என்று அட்டையில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் தரும் நாற்காலிக்குச் சக்கரம் சிறியது, நாமே தள்ள முடியாது. அதில் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து நாமும் ஒரு மூட்டைதான்.

எனக்கு முதல் பயணம் வாய்த்தது வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. சிங்கப்பூரில் பத்து நாள் பயிற்சி. பாபநாசத்துக்குப் பக்கத்தில் நெல் பயிரிடும் அப்பாவுக்கு நான் தனியாகப் போவதில் சம்மதம் இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நிபந்தனை வைத்தார்.

"இந்தத் தடவ தனியா போயிட்டு வா. நாற்காலிக்கு எதாவது ஆச்சுன்னா அடுத்த தடவ நானும் கூட வருவேன்."

"உங்களுக்கு பாஸ்போர்ட்டே இல்லையேப்பா."

"எடுத்தா போச்சு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துணையோடுதான் போவேன் என்றால் அலுவலகம் அடுத்த முறை வேறு ஒருவரை அனுப்பிவிடும். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

ஆகவே பட்டியல் போட்டேன். முப்பத்தொரு வரி. 'வசதி உண்டு' என்ற சிங்கப்பூர் விடுதியின் பதிலை நம்பாமல், குளியலறைக் கதவின் குறுக்கே அளவு டேப்பைப் பிடித்துப் படம் அனுப்பச் சொன்னேன். கதவு எழுபது சென்டிமீட்டர், என் நாற்காலி அறுபத்திரண்டு. நாற்காலியை நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்தேன். திருகாணி முடுக்கும் விரல் நீள அலன் கீ ஒன்றைக் கைப்பையில் போட்டேன்.

பட்டியலில் இல்லாத ஒரே பொருளைக் கிளம்பும் நேரத்தில் அப்பா கொண்டுவந்து நாற்காலியின் முதுகுப் பையில் செருகினார். மடித்த சணல் சாக்கு.

"ஏறும்போது நாற்காலியோட கால்மிதி, மெத்தையெல்லாம் கழட்டுவேன்னியே, இதுல போட்டு வாயக் கட்டிடு. ஒண்ணும் சிந்தாது."

திருச்சி விமான நிலையத்தில் சோதனை இயந்திரம் அந்தப் பையை வெளியே அனுப்ப மறுத்தது. பெண் அதிகாரி சாக்கை விரித்தார். அதன் காதில், வாயோரத்து மூலையில், நெல் மூட்டை தைக்கும் கோணி ஊசி, நூலோடு. தேடக் கூடாதென்று ஊசியைச் சாக்கின் காதிலேயே குத்தி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

"ஃப்ளைட்ல எதைம்மா தைக்கப் போறீங்க?"

"எங்கப்பா வச்சதுங்க."

"அப்பா கூட வர்றாரா?"

"இல்லீங்க."

"நல்லவேளை," என்று ஊசியை ஒரு டப்பாவில் போட்டார். நூலையும் சாக்கையும் திருப்பிக் கொடுத்தார்.

விமான வாசலில் கழற்றியதையெல்லாம் அந்தச் சாக்கில் போட்டு வாயைக் கட்டிக் கையோடு வைத்துக்கொண்டேன். உண்மையில் நல்ல ஏற்பாடுதான்.

சிங்கப்பூரில் தரையிறங்கியதும் உதவிக்கு வந்த அம்மாள் தமிழர். "இந்த நாற்காலில உக்காருங்க, உங்களோடது பெல்ட்ல வந்துரும்," என்றார்.

"வாசலுக்கு வரும்னு அட்டையில எழுதியிருக்குங்க. வர்ற வரைக்கும் சீட்லயே இருக்கேன்."

எல்லோரும் இறங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடத்தில் வந்தது. இடது பிரேக் உள்ளே வளைந்து டயரில் அழுந்திக்கொண்டிருந்தது. ஒரு கணம் அடுத்த பயணமே கண்ணிலிருந்து மறைந்தது. பிறகு அலன் கீயை எடுத்துத் திருகாணியைத் தளர்த்தி, பிரேக்கை விலக்கினேன். சக்கரம் சுற்றியது. படம் எடுத்தேன். பழைய படத்தையும் சேர்த்து, விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் எழுதி நகல் வாங்கினேன். வெளியே போன பின் எழுதினால் உடைத்தது யார் என்ற கேள்வி வரும். மறுநாள் காலை விடுதிக்கே ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

மறைத்திருக்கலாம். அப்பாவுக்கு போன் செய்தேன்.

"பிரேக் வளைஞ்சிடுச்சுப்பா. நானே தளர்த்திட்டேன். நாளைக்குச் சரி பண்ண வர்றாங்க."

அவர் பக்கம் பம்புசெட் ஓடும் சத்தம் கேட்டது.

"நான் வந்திருந்தா…"

"சண்ட போட்டிருப்பீங்க."

"பின்ன? விட்டுடுவேனா?"

"அதுக்கு முன்னாடி திருச்சியிலயே உங்கள உக்கார வச்சிருப்பாங்க. சாக்குல கோணி ஊசி இருந்துச்சு."

"அடடா. அது அதுலயா இருந்துச்சு? காலையிலேர்ந்து தேடிக்கிட்டிருக்கேன்." பிறகு மெதுவாக, "எடுத்துக்கிட்டாங்களா?"

"எடுத்துக்கிட்டாங்க."

"சாக்கு?"

"இருக்கு. நல்லா உதவுச்சு."

"சரி, அத பத்திரமா வச்சுக்க. அடுத்த தடவைக்கும் ஆகும்," என்றார். நானும் வருவேன் என்று சொல்லவில்லை.

பட்டியலில் இப்போது முப்பத்திரண்டு வரிகள். கடைசி வரி: சாக்கு, காதுகளைத் தடவிப் பார்த்த பிறகு.